தங்கைக்கு ஹெலினாவில் வேலை: ஆர்கன்சா வளருதா, காலியாகுதா?

9 ஆகஸ்ட் 2024, வாசகர் கேள்வி

என் தங்கை நியூயார்க்கில் ரெசிடென்சி என்ற டாக்டர் பயிற்சியை முடிக்கப் போகிறாள். பயிற்சிக்கு வருபவர்களுக்கான ஜே-1 விசா. ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே இருக்க வேண்டுமானால் டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருஷம் வேலை பார்க்க வேண்டும். ஆர்கன்சா மாநிலத்தில் ஹெலினா என்ற ஊர்ப் பக்கம் ஓர் இடம் வந்திருக்கிறது. ஒருவர் "ஆர்கன்சாவா, வேகமா வளருதே, நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க" என்கிறார். இன்னொருவர் "அது காலியாகிற ஊரு, போகாதே" என்கிறார். யார் சொல்வது சரி? அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

9 ஆகஸ்ட், இரவு, என் பதில்

இரண்டு பேரும் சரி. ஆளுக்கு ஒரு மூலையில் நின்றுகொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

நான் 12 வருஷமாக வடமேற்கு மூலையில் இருக்கிறேன். முதலில் பெண்டன்வில், இப்போது பக்கத்து ஊரான சென்டர்டன். கணக்கைப் பாருங்கள். 2010ல் மாநிலத்தில் 29,15,918 பேர். 2020ல் 30,11,524. பத்து வருஷத்தில் 95,606 பேர் கூடியிருக்கிறார்கள், 3.3 சதவீதம். முதல் ஆள் இதைத்தான் சொல்கிறார்.

இப்போது பெண்டன், வாஷிங்டன் என்ற இரண்டு கவுண்டிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். (கவுண்டி என்பதை நம்ம தாலுகா மாதிரி வைத்துக்கொள்ளலாம், மொத்தம் 75.) இந்த இரண்டில் மட்டும் 1,05,800 பேர் கூடியிருக்கிறார்கள். மாநிலம் மொத்தத்துக்கும் கூடியதைவிட இது அதிகம்! மிச்சம் 73 கவுண்டிகளையும் சேர்த்துப் பார்த்தால் பத்தாயிரம் பேர் குறைவு. தனித்தனியாகப் பார்த்தால் 53 கவுண்டிகளில் ஆள் குறைந்திருக்கிறது.

ஹெலினா இருப்பது ஃபிலிப்ஸ் கவுண்டியில். அது 21,757லிருந்து 16,568க்கு வந்துவிட்டது. கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் இல்லை. மாநிலத்திலேயே சதவீதத்தில் மிக அதிகமாகத் தேய்ந்தது அதுதான். 1950ல் அங்கே 46 ஆயிரம் பேர் இருந்தார்கள்.

தங்கை போகலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

10 ஆகஸ்ட்

ஒருவர் "ஆர்கன்சாஸ் என்று எழுதுங்கள்" என்று திருத்தியிருக்கிறார். ஐயா, கடைசி எழுத்தை உச்சரிக்கக் கூடாது என்று 1881ல் இந்த மாநிலச் சட்டமன்றத்திலேயே தீர்மானம் போட்டுவிட்டார்கள். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்.

11 ஆகஸ்ட்

"வேலை இல்லாததால் ஓடிவிட்டார்கள், விவசாயம் படுத்துவிட்டது" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. நானும் இங்கே வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு தடவை கிழக்கே காரில் போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது, விவசாயம் படுக்கவே இல்லை.

நான் மன்னார்குடிப் பக்கம். இங்கே ஸ்டட்கார்ட் என்ற ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல். அமெரிக்காவில் விளையும் அரிசியில் கிட்டத்தட்ட பாதி ஆர்கன்சாவில் விளைகிறது என்று படித்திருந்தேன், கண்ணால் பார்த்தபோது வயிற்றில் என்னவோ செய்தது. ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் நின்றேன். வரப்புகள் நம்ம ஊர் மாதிரி கட்டம் கட்டமாக இல்லை, நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்றபடி வளைந்து வளைந்து போகின்றன. ஓரத்தில் ஆள் இடுப்பு அகலத்துக்கு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் ஒன்று மலைப்பாம்பு மாதிரி படுத்துக்கொண்டு, துளை வழியாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று மஞ்சள் விமானம் ஒன்று மின்கம்பி உயரத்துக்கு இறங்கி, யூரியாவைத் தூவிவிட்டு, வயல் முடிவில் செங்குத்தாக ஏறித் திரும்பியது. திரும்பத் திரும்ப வந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மனுஷன் என்று பார்த்தால் அந்த விமானி ஒருவர், நான் ஒருவன்.

எங்கள் தாத்தா காலத்தில் அவ்வளவு நிலத்துக்கு நடவுக்கு மட்டும் எத்தனை பெண்கள் இறங்கியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

இதுதான் டெல்டாவின் கதை (கிழக்கே மிசிசிப்பி ஆற்றை ஒட்டி, ஹெலினாவும் இருக்கும் சமவெளியை இங்கே டெல்டா என்பார்கள்). நிலம் நன்றாக விளைகிறது. விளைய வைக்க ஆள் வேண்டாம். பருத்தி பிடுங்கும் இயந்திரம் வரும்வரை கறுப்பின மக்களும் ஏழை வெள்ளையர்களும் விளைச்சலில் பங்குக்குப் பயிரிட்டு, கடனில் உழன்று, ஆயிரக்கணக்கில் இங்கே இருந்தார்கள். நாற்பதுகளில் இயந்திரம் வர ஆரம்பித்தது. அதற்கு முன்பே சிகாகோ, டெட்ராய்ட், செயின்ட் லூயிஸ் என்று ரயில் ஏறிக்கொண்டிருந்தவர்கள், அப்புறம் மொத்தமாக ஏறினார்கள். 1940ல் 19 லட்சத்து 49 ஆயிரமாக இருந்த மாநில மக்கள்தொகை 1960ல் 17 லட்சத்து 86 ஆயிரமாகிவிட்டது. வேறு எங்கும் குழந்தை பிறந்து குவிந்துகொண்டிருந்த காலம் அது.

11 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து

மேலே "இயந்திரம் வந்ததால் போனார்கள்" என்று ஒரே மூச்சில் எழுதியது அரைகுறை. இயந்திரம் மட்டும் காரணம் கிடையாது. இதே ஃபிலிப்ஸ் கவுண்டியில் எலெய்ன் என்ற ஊரில், பருத்திக்கு நியாய விலை கேட்டுச் சங்கம் கட்டிய கறுப்பின விவசாயிகளை 1919ல் கொன்று குவித்தார்கள். எத்தனை பேர் என்று இன்றுவரை முடிவான கணக்கு இல்லை. அப்படிப்பட்ட ஊரைவிட்டுப் போவதற்கு இயந்திரம் எதற்கு?

14 ஆகஸ்ட்

வடகிழக்கே ஜோன்ஸ்பரோவில் இருக்கும் நண்பர் கோபமாக எழுதியிருக்கிறார்: "டெல்டா முழுக்கச் சுருங்குது என்று பொத்தாம் பொதுவாக அடிச்சு விடாதீங்க. எங்க ஊரு வளருது." ஒப்புக்கொள்கிறேன். 2020ல் ஜோன்ஸ்பரோவில் 78 ஆயிரத்துச் சொச்சம் பேர். பல்கலைக்கழகமும் பெரிய மருத்துவமனைகளும் இருக்கின்றன, சுற்றி இருக்கிற ஊர்களிலிருந்து பிள்ளைகள் படிக்கவும் பெரியவர்கள் வைத்தியத்துக்கும் வந்து, ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது.

ஆனால் அவருக்குப் பக்கத்துக் கவுண்டியையே எடுத்துக்கொள்கிறேன். மிசிசிப்பி கவுண்டி. (பெயர்தான் மிசிசிப்பி, இருப்பது ஆர்கன்சாவில்.) ஆஸ்சியோலாவிலும் பிளைத்வில் பக்கத்திலும் பெரிய பெரிய உருக்காலைகள். நாட்டிலேயே அதிகமாக எஃகு உருக்கும் இடங்களில் ஒன்று, சம்பளமும் நல்ல சம்பளம். ஆள் கூடியிருக்க வேண்டும், இல்லையா? 2010ல் 46,480. 2020ல் 40,685.

உருக்காலைக்கு வேலைக்குப் போகிறவர் ஜோன்ஸ்பரோவிலோ மெம்ஃபிஸ் பக்கமோ வீடு வாங்கிக்கொண்டு காரில் வந்து போகிறார். அதாவது நண்பரே, உங்கள் ஊர் வளர்ச்சியில் கொஞ்சம் அங்கிருந்து வந்ததுதான். தொழிற்சாலை கொண்டுவந்தால் ஊர் பிழைத்துக்கொள்ளும் என்று எல்லா அரசியல்வாதியும் சொல்வார்கள். பள்ளிக்கூடமும் வீடும் சரியில்லை என்றால் வேலை இங்கே, குடித்தனம் அங்கே என்று ஆகிவிடுகிறது.

15 ஆகஸ்ட்

"கூட்டம் குறைஞ்சா தொகுதியும் போகுமா?" போகும். ஆர்கன்சாவுக்கு 1950 வரை நாடாளுமன்றக் கீழவையில் 7 இடம். 1950 கணக்கெடுப்புக்குப் பிறகு 6, 1960க்குப் பிறகு நேராக 4. இன்றைக்கும் 4தான். நம்ம ஊரில் தொகுதி மறுவரையறை பற்றி அடித்துக்கொள்பவர்கள் பார்க்க வேண்டிய மாநிலம். ஒரு வித்தியாசம், நாம் பிள்ளை குறைத்துக்கொண்டதற்காகப் பயப்படுகிறோம், இவர்கள் பெற்று வளர்த்து வெளியூர் அனுப்பிவிட்டு இழந்தார்கள்.

19 ஆகஸ்ட்

சரி, என் மூலை எதற்காக வளர்ந்தது? "வால்மார்ட்" என்று நாலு பேர் ஒரே வார்த்தையில் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், ஆனால் அதற்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது.

வால்மார்ட் கடைச் சங்கிலியைத் தொடங்கிய சாம் வால்டன் முதலில் கடை வைத்தது, அதன் தலைமையகம் இருக்கும் பெண்டன்வில்லில் இல்லை. 1945ல் கிழக்கே நியூபோர்ட்டில் வைத்தார். நன்றாக ஓடியது. கட்டட உரிமையாளர் குத்தகையை நீட்டிக்க மறுத்துவிட்டார். மனுஷன் மூட்டை கட்டிக்கொண்டு 1950ல் பெண்டன்வில் வந்தார், அப்போது அது சுமார் 3 ஆயிரம் பேர் இருந்த ஊர். 2020ல் 54,164. அந்தக் குத்தகைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து விழுந்திருந்தால் நான் இப்போது நியூபோர்ட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருப்பேன்.

நியூபோர்ட்டுக்கு அப்புறம் என்ன கிடைத்தது தெரியுமா? இரண்டு சிறைச்சாலை.

20 ஆகஸ்ட்

சிறை என்றதும் ஞாபகம் வந்தது. அமெரிக்கக் கணக்கெடுப்பில் கைதியை அவர் அடைபட்டிருக்கும் இடத்தில்தான் எண்ணுவார்கள். லிங்கன் கவுண்டியில் கம்மின்ஸ், வார்னர் என்று இரண்டு பெரிய சிறைகள். அங்கே மக்கள்தொகை 13 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று பட்டியலில் பார்த்துவிட்டு, அவ்வளவு பேர் கடைவீதியில் நடமாடுவார்கள் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்று. 1942ல் டெல்டாவில் இரண்டு இடங்கள் திடீரென்று ஊராயின. ரோவர், ஜெரோம். இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் கலிஃபோர்னியாவிலிருந்து பிடித்துவந்த ஜப்பானிய வம்சாவளியினர் 16 ஆயிரத்துக்கும் மேல், முள்வேலிக்குள். 1945 முடிவதற்குள் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள். இந்தப் பகுதியில் மக்கள்தொகைக் கோடு மேலே ஏறியிருந்தால் எதற்காக ஏறியது என்று ஒரு தடவை விசாரிப்பது நல்லது.

27 ஆகஸ்ட்

ஒரு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்த களேபரம். சென்டர்டனில் 2000ல் 2,146 பேர், 2010ல் 9,515, 2020ல் 17,792. நாங்கள் வீடு வாங்கியபோது பின்வேலிக்கு அப்பால் மாடு மேய்ந்தது. என் மகள் அதில் ஒன்றுக்கு லட்சுமி என்று பெயர்கூட வைத்திருந்தாள். மூன்றாவது வருஷம் அளவுக்கல் நட்டார்கள். நான்காவது வருஷம் லட்சுமி நின்ற இடத்தில் ஒரு வீடு, அதில் ஹைதராபாத்திலிருந்து வந்த குடும்பம். 2012ல் கறிவேப்பிலைக்கு துல்சா வரை இரண்டு மணி நேரம் ஓட்டியவன் நான், இப்போது ஐந்து நிமிஷத்தில் கிடைக்கிறது. 2020 கடைசியில் ஒரு திட்டம் வந்தது: வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் இங்கே குடிவந்தால் 10 ஆயிரம் டாலரும் ஒரு சைக்கிளும். சைக்கிள் கொடுத்து ஆள் பிடிக்கும் ஊர்! நாங்கள் எட்டு வருஷம் முந்திவிட்டோம், சைக்கிள் போச்சு.

ஆனால் நம்ம மாதிரி ஆட்களை மட்டும் வைத்து இந்த மூலையைப் புரிந்துகொண்டால் தப்பு. இங்கே மண் மெலிந்த மலைநிலம், பருத்திக்கு லாயக்கில்லை, அதனால் பெரிய பண்ணையும் அடிமைகளும் குறைவு. ஆப்பிள் போட்டார்கள், அது போனதும் கோழி. கோழி ஆலைக்குக் கை வேண்டும். நெல்லை இயந்திரம் அறுத்துவிடும், கோழியின் எலும்பை நீக்க இன்னும் மனுஷன் கத்தியோடு குளிரில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்தக் கைகள் மெக்சிகோவிலிருந்தும் எல் சால்வடாரிலிருந்தும் வந்தன. மாநிலத்தில் ஹிஸ்பானியர் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) 2010ல் 1,86,050, 2020ல் 2,56,847. ஆக, கூடின 95 ஆயிரத்தில் 70 ஆயிரம் அவர்கள்தான்.

அப்புறம் பசிபிக் கடலில் இருக்கும் மார்ஷல் தீவு மக்கள். எங்கள் பக்கத்து ஊரான ஸ்ப்ரிங்டேலில் கோழி ஆலை ஷிஃப்ட் விடும் நேரம் பார்த்தால் தெரியும், பூப்போட்ட தளர்ந்த உடையில் பெண்கள், தோளில் பை, ஒருவருக்கொருவர் "யாக்வே". அதுதான் வணக்கமும், அன்பும். அமெரிக்கா அவர்கள் தீவுகளில் 1946 முதல் 1958 வரை 67 அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. 1986 உடன்படிக்கைப்படி விசா இல்லாமல் வந்து வேலை செய்யலாம், ஆனால் குடியுரிமை கிடையாது. ஏழைகளுக்கான மருத்துவ உதவியை 1996ல் பிடுங்கிக்கொண்டார்கள், 2020 டிசம்பரில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வருஷம் கொரோனாவில் வடமேற்கில் அதிகம் செத்தவர்களில் அவர்கள் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஆளுயரம் இருக்கும் தீவிலிருந்து, கடலே இல்லாத மாநிலத்துக்கு.

28 ஆகஸ்ட்

"கோழி ஆலை வந்தா கிராமமும் வளரும்னு சொல்றீங்களா?" இல்லை, அதுவும் அவ்வளவு சுலபமில்லை. தென்மேற்கே டி குயின் என்று ஓர் ஊர். கோழி ஆலை இருக்கிறது, ஊரில் பாதிக்கு மேல் ஹிஸ்பானியர். ஆனாலும் அந்தக் கவுண்டியில் 2010ஐவிட 2020ல் ஆள் குறைவு. வெள்ளைக்காரப் பெரியவர்கள் இறக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் எப்போதோ போய்விட்டார்கள், வந்தவர்கள் அந்த ஓட்டையைப் பாதி அடைக்கிறார்கள். அவர்கள் வராவிட்டால் பள்ளிக்கூடத்தைப் பூட்டியிருப்பார்கள்.

பள்ளிக்கூடம் பூட்டுவது இங்கே சும்மா சொல்கிற வார்த்தை கிடையாது. 350 பிள்ளைகளுக்குக் கீழே போனால் பள்ளி மாவட்டத்தை இன்னொன்றோடு சேர்த்துவிட வேண்டும் என்று 2004ல் சட்டம் வந்தது. அதற்கு வழிவகுத்த வழக்கைப் போட்டது ஃபிலிப்ஸ் கவுண்டியில் லேக் வியூ என்ற சின்னக் கறுப்பின ஊர். ஏழைப் பள்ளிக்குப் பணம் போதவில்லை என்று 1992ல் வழக்கு, பத்து வருஷம் இழுத்து, 2002ல் ஜெயித்தார்கள். ஜெயித்ததும் அரசாங்கம் பணத்தோடு சேர்த்து இந்தச் சட்டத்தையும் கொண்டுவந்தது, லேக் வியூ பள்ளி மாவட்டமே இணைக்கப்பட்டுக் காணாமல் போனது. கிணறு வெட்டியவன் தலையிலேயே மண் சரிந்த கதை.

3 செப்டம்பர். திருத்தம், கொஞ்சம் பெரிய திருத்தம்

முதல் நாள் 30,11,524 என்று கடைசி இலக்கம் வரை எழுதி ஜம்பம் அடித்தேன். நேற்று ராத்திரி வேறு எதற்கோ தேடும்போது, 2022ல் கணக்கெடுப்புத் துறையே வெளியிட்ட சரிபார்ப்பு ஆய்வு கண்ணில் பட்டது. 2020 கணக்கெடுப்பில் நாட்டிலேயே மிக மோசமாகக் குறைத்து எண்ணப்பட்ட மாநிலம் எது தெரியுமா? ஆர்கன்சா. 5.04 சதவீதம். ஒன்றரை லட்சம் பேர் விட்டுப்போயிருக்கிறார்கள். பத்து வருஷத்தில் கூடியதாக நான் சொன்ன 95 ஆயிரத்தைவிட விட்டுப்போனது பெரிசு.

பக்கத்து மிசிசிப்பி மாநிலம் 2010ஐவிட 6 ஆயிரம் பேர் குறைந்தது என்று எல்லோரும் துக்கம் கொண்டாடினார்கள். அங்கே விட்டுப்போனது 4.11 சதவீதம். அப்படியானால் குறையவே இல்லையோ என்னவோ.

யார் விட்டுப்போயிருப்பார்கள் என்று யோசித்தால் பெரிய மர்மம் இல்லை. நாடு முழுக்க கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் குறைவாக எண்ணப்பட்டார்கள் என்று அதே துறை சொல்கிறது. ஒரே வீட்டில் மூன்று குடும்பமாக இருப்பவர், இணையம் இல்லாதவர், கதவைத் தட்டினால் திறக்கப் பயப்படுபவர். ஸ்ப்ரிங்டேலிலும் இருக்கிறார்கள், ஹெலினாவிலும் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வு மாநில அளவோடு நின்றுவிடுகிறது, கவுண்டிவாரியாகப் பிரிக்கவில்லை.

அதனால் ஃபிலிப்ஸ் கவுண்டியில் நான்கில் ஒருவர் போய்விட்டார் என்று நான் எழுதியதை, கொஞ்சம் தளர்த்திப் படியுங்கள். தேய்வது உண்மை. எவ்வளவு என்பதில்தான் என் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

4 செப்டம்பர்

"அப்போ இதுவரைக்கும் எழுதினது எல்லாம் வேஸ்டா?" அடப் போங்க. பைன் பிளஃப் என்ற நகரத்துக்குப் போய்ப் பாருங்கள். அதே பத்து வருஷத்தில் 49 ஆயிரத்திலிருந்து 41 ஆயிரம். நாட்டில் மிக வேகமாகச் சுருங்கிய நகரப் பகுதி என்று பெயர் வாங்கியது. விட்டுப்போன ஆளைச் சேர்த்தாலும் அங்கே பூட்டின கடை திறந்துவிடாது.

16 செப்டம்பர்

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார், தங்கை என்ன சொன்னாலும் கேட்கிற நிலையில் இல்லை, குழப்பமாக இருக்கிறாள் என்று. இந்த இழையில் அவர் தங்கையை நாம் மறந்தே போனோம்.

நான் ஹெலினாவுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். செர்ரி தெரு என்று ஆற்றங்கரையை ஒட்டிய கடைவீதி. அழகான செங்கல் கட்டடங்கள், நம்ம ஊர் ராஜவீதி மாதிரி அகலம். ஒரு கடையின் மாடி ஜன்னல் வழியே மரம் வெளியே எட்டிப் பார்த்தது. அக்டோபரில் ப்ளூஸ் இசை விழா நடக்கிறது, அப்போது மட்டும் தெரு நிறையும். மற்ற நாளில் நடந்தால் உங்கள் செருப்புச் சத்தம் உங்களுக்கே கேட்கும். ஒரு பெரியம்மா, எழுபது வயது இருக்கும், திண்ணையிலிருந்து கூப்பிட்டு, வழி தவறிவிட்டாயா என்று கேட்டார். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். சிரித்துவிட்டு, தன் நாலு பிள்ளைகளும் மில்வாக்கியிலும் டாலஸிலும் இருப்பதாகச் சொன்னார். மருந்து வாங்க, பல் பிடுங்க, கண் பார்க்க, எல்லாவற்றுக்கும் யாராவது காரில் அழைத்துப்போக வேண்டுமாம். "டாக்டர் வருவார், நமக்கு அவர் பேர் வாயில் நுழைவதற்குள் போய்விடுவார்" என்றார்.

அவர் சொன்னது உங்கள் தங்கை மாதிரி ஆட்களைப் பற்றித்தான். ஒவ்வொரு மாநிலமும் வருஷத்துக்கு 30 பேருக்கு இப்படிப் பரிந்துரைக்கலாம், டெல்டா பகுதிக்கென்று தனியாகவும் ஒரு வழி உண்டு. மூன்று வருஷம் முடிந்ததும் பெரும்பாலானவர் கிளம்பிவிடுகிறார்கள் என்பது அந்தப் பெரியம்மாவின் கணக்கு, அரசாங்கத்துக் கணக்கு இல்லை.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் கூட்டம் இருந்த காலத்தில் போட்ட குழாய்களை, 2020 கணக்குப்படி இருக்கிற 9 ஆயிரத்துச் சொச்சம் பேரின் பணத்தில் பராமரிக்க வேண்டும். 2024 ஜனவரிக் குளிரில் ஊரின் மேற்குப் பகுதியான வெஸ்ட் ஹெலினாவில் நாள்கணக்கில் தண்ணீர் வரவில்லை. வீடு பார்க்கும்போது குழாயைத் திறந்து பாருங்கள்.

17 செப்டம்பர்

"நீங்க இருப்பீங்களா அங்கே?" என்று நறுக்கென்று ஒருவர் கேட்டுவிட்டார்.

மாட்டேன். என் பிழைப்பு ஒரு பெரிய கடைச் சங்கிலிக்குச் சரக்கு விற்பதில் ஓடுகிறது. அது மாதிரி பெரிய கடைகள் ஊருக்கு வெளியே வந்ததும் செர்ரி தெரு மாதிரி வீதிகளில் என்ன ஆனது என்று எனக்கும் தெரியும். அந்தப் பெரியம்மாவிடம் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொல்லவில்லை.

22 நவம்பர்

பழைய இழையைத் தோண்டுகிறேன், மன்னிக்கவும். கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: தங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள், ஊருக்குத் திரும்பும் விசா நிபந்தனையிலிருந்து விலக்கு கேட்டு மனு போயிருக்கிறது, கிடைத்தால் அடுத்த ஜூலையில் வேலை. மெம்ஃபிஸில் வீடு எடுத்து 70 மைல் தினமும் ஓட்டலாம் என்று எல்லோரும் சொன்னார்களாம். அவள் ஊருக்குள்ளேயே வீடு கேட்டிருக்கிறாள். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். நான் சென்டர்டனில் பொங்கல் பாத்திரமும் பழைய சோபாவும் போட்டு வைத்திருக்கும் வாடகைக் கிடங்குக்கு மாசம் கொடுப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

கறிவேப்பிலைக்கு என்ன வழி என்று கேட்டாளாம். மெம்ஃபிஸ் கடையில் கிடைக்கும். என்னிடம் இரண்டு தொட்டி இருக்கிறது, ஜூலையில் அந்தப் பக்கம் போகும்போது ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நவம்பர் பிறந்ததும் வீட்டுக்குள் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், நான் இந்த வருஷம் ஒரு வாரம் தாமதித்து ஒன்றைக் கருக்கிவிட்டேன்.